பீரங்கியின் அக்கா

நான் வேலை பார்க்கும் கோட்டையில் என் பட்டப்பெயர் பீரங்கி. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் நான் அதை ஒரு விருது மாதிரி சுமந்துகொண்டு தலைநிமிர்ந்து திரிந்தேன். பத்தொன்பது வருடமாக நான் இங்கே வழிகாட்டி. வருகிறவர்களுக்கு இடிந்து கிடக்கும் அரண்மனையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் தெற்குச் சுவரின் பெரிய உடைப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். ஒரு பேருந்து தாராளமாக நுழையலாம், அவ்வளவு பெரிய உடைப்பு. அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரியின் நாற்பது பீரங்கிகளும் ஒன்றாக முழங்கிய கதையை எடுத்துவிட்டால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். முடிவில் 'டமார்' என்று ஒரு சத்தம் போடுவேன். சுவரிலிருக்கும் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறக்கும், கூட்டம் கைதட்டும்.

அந்தக் கதை பொய்யென்று கண்டுபிடித்தவள் என் கூடப்பிறந்த அக்கா. படித்த பேராசிரியர் யாராவது வந்து சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அதே கோட்டையைக் கூட்டிப் பெருக்குகிறவள், வகுப்பறையில் வரலாற்றுப் பாடம் நடக்கும்போது தூங்கி வழிந்தவள், வந்து சொல்கிறாள். ஆனால் இன்றைக்கு என்னிடம் யாராவது இந்தக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால் ராஜாவின் பெயரைச் சொல்வேன். இதை விழாமல் வைத்திருப்பது யார் என்று கேட்டால் என் அக்காவைக் காட்டுவேன். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, அடக்கமும் இல்லை.

முதலில் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பெரிய மண்மேடு. சுற்றிக் கல்சுவர் எழுப்பி, நடுவில் மண்ணைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் அரண்மனையைக் கட்டியிருக்கிறார்கள். சுவர்தான் அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மழைக்காலத்தில் மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். தண்ணீர் வெளியே போக வழியில்லையென்றால் சுவரைத்தான் தள்ளும். அதனால் சுவர் நெடுக, கை நுழைகிற அளவுக்குத் துளைகள் விட்டிருக்கிறார்கள். மேற்குச் சுவரில் மட்டும் இரண்டு வரிசையாக நூற்றுப் பதினான்கு துளைகள். இந்த எண்ணிக்கை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. என் அக்கா எண்ணிச் சொன்னது.

அவள் உத்தியோகத்தின் பெயர் துப்புரவுப் பணியாளர். பெருக்க வேண்டும், சுவரில் முளைக்கிற செடியைப் பிடுங்க வேண்டும், கழிப்பறையைக் கழுவ வேண்டும். துளையைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைக்கு வந்த முதல் வருடம், குஞ்சுகள் பறந்துபோன ஒரு பறவைக்கூட்டைத் துளையிலிருந்து இழுத்திருக்கிறாள். உள்ளேயிருந்து சேற்றுத்தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து முகத்தில் அடித்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் காறித் துப்பிவிட்டு முகத்தைக் கழுவப் போயிருப்பார்கள். இவள் அங்கேயே நின்று அது எவ்வளவு நேரம் வடிகிறது என்று பார்த்தாள். அரை நாள் வடிந்ததாம். மறுநாள் ஆறடிக் கம்பி ஒன்றைத் தேடிப் பிடித்து, நுனியில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு துளையாகக் குத்த ஆரம்பித்தாள். அதிலிருந்து வருடா வருடம், மழை தொடங்குவதற்கு முந்தைய மாதம் அவளுக்கு அதுதான் வேலை.

துளைகளுக்கு அவள் பெயரும் வைத்திருந்தாள். முதல் தூறலுக்கே கண்ணைக் கசக்குகிற துளைக்கு அழுமூஞ்சி. மழை விட்டு நாலு நாள் ஆனாலும் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருப்பதற்கு மாமியார். கொட்டு கொட்டென்று கொட்டினாலும் வாயைத் திறக்காது, நாலு குத்து வாங்கினால்தான் திறக்கும், அதற்கு அவள் வீட்டுக்காரர் பெயர். மாமா கோட்டை வாசலில் காவலாளி. இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார், அதுவும் சத்தம் வராமல்தான்.

மேற்குச் சுவரின் வெளிப்பக்கம், ஒவ்வொரு வரிசைத் துளைக்கும் கீழே, ஒன்றரை அடி அகலத்துக்குக் கல் நீட்டிக்கொண்டு சுவர் முழுக்க ஓடுகிறது. துளைகளின் இடதுபக்கம் சின்னச் சின்னக் குழிகளும் இருக்கின்றன. இவையெல்லாம் அலங்கார வேலைப்பாடு என்று பலகையில் எழுதியிருந்தது, நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா அந்த நீட்டுக்கல்லில் ஏறி நின்று, இடதுகையை அந்தக் குழியில் கோத்துப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் கம்பியைத் துளைக்குள் விட்டுக் காட்டினாள். குழி அவள் விரல்களுக்கு அளவெடுத்து வைத்தது மாதிரி இருந்தது. உட்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இது அலங்காரம் இல்லடா. ஓட்டை குத்துறவங்க விழாம நிக்கறதுக்கு விட்ட இடம். முதல்ல கட்டின ராஜா, மழையில நனைஞ்சுகிட்டு ஒரு ஆள் இங்க நிக்கும்னு யோசிச்சிருக்கான். அவன் ராஜ்ஜியம் அவ்வளவு பெருசா வளர்ந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல" என்றாள்.

நான் அன்றைக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். துடைப்பம் பிடிக்கிற கைக்கு ராஜா நினைப்பு கேட்கிறதா என்று சொன்னேன். அவள் அடுத்த துளைக்குப் போய்விட்டாள்.

அடுத்த அடி என் பீரங்கிக்கு விழுந்தது. தெற்கு உடைப்புக்குப் பக்கத்தில் சரிந்து கிடக்கும் கற்களின் நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் மூவரும் மத்தியானம் சாப்பிடுவோம். ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, எதிரி வெளியில நின்னுதான சுட்டான்? அப்போ கல்லெல்லாம் உள்பக்கம் இல்ல விழுந்திருக்கணும்? ஒண்ணுவிடாம வெளியில கிடக்கே."

நான் ஏறி நின்று கதை சொல்கிற கற்கள் அவை. எத்தனை ஆயிரம் பேருக்கு அந்தக் கற்களைக் கைநீட்டிக் காட்டியிருப்பேன். எல்லாமே சுவருக்கு வெளியேதான் கிடந்தன. உள்ளேயிருந்து யாரோ தோளால் முட்டித் தள்ளியது போலக் கிடந்தன. எதிரி ஜெயித்த பிறகு இழுத்துப் போட்டிருப்பான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாமா பல் குத்திக்கொண்டே, ஆமாம், எதிரிக்கு வேறு வேலை இல்லை பாவம் என்றார். வருடத்துக்கு ஒருமுறை பேசுகிற மனிதர், அந்த ஒன்றையும் எனக்கு எதிராகப் பேசினார். எட்டு நாள் நான் இரண்டு பேரோடும் பேசவில்லை.

ஒன்பதாவது நாள் அவளே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். விழுந்து கிடக்கும் அந்தக் கற்கள் பலவற்றில் சுண்ணாம்பால் செய்த சூரியமுகம் ஒன்று இருக்கும். உருண்டைக் கன்னம், முறுக்கிய மீசை, ஒரு சிரிப்பு. கடைசி ராஜாவின் சின்னம் அது. எங்கள் நுழைவுச்சீட்டில்கூட அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். உடைந்துபோன ஒரு முகத்துக்குள் அவள் கம்பியை விட்டுக் காட்டினாள். முகத்துக்குப் பின்னால் ஒரு துளை. துளை நிறைய இறுகிப்போன சுண்ணாம்பு. பக்கத்துக் கல்லிலும் அப்படித்தான், அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான்.

தெற்குப் பக்கம்தான் ராஜவாசல் இருந்த பக்கம். தேரும் தூதரும் வந்து இறங்குகிற இடத்தில் சுவரில் கறைகறையாகத் தண்ணீர் வடிந்தால் ராஜாவுக்கு அசிங்கம். அடைத்துவிட்டு, அடைத்த இடத்தில் தன் சின்னத்தை வைத்துவிட்டான். மேற்குப் பக்கத்தில் அப்போது வழியே கிடையாது. யாரும் பார்க்காத பக்கம் என்பதால் அது பிழைத்துக் கிடந்தது. எதிரி வந்தது உண்மையாக இருக்கலாம். வந்தபோது அவனுக்கு உள்ளே போக வழி தயாராகத் திறந்திருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உடைப்பின் ஓரத்தில் இன்னும் விழாமல் ஒரு மூன்றடிச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் ஒரு சூரியமுகம். மூக்கும் ஒரு கன்னமும் மட்டும் பெயர்ந்திருக்கும். அது தானாக உதிர்ந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் உளி பட்ட தடம். கோடு கோடாக, ஒரே சாய்வில், யாரோ பொறுமையாகக் கொத்தியிருக்கிறார்கள். உளித்தடத்தின் மேல் காலகாலமாகப் பாசி படிந்து காய்ந்து கல்லோடு கல்லாகியிருந்தது. மணிக்கட்டு வரைக்கும் கை உள்ளே போனது. அதற்கு மேல் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

"தெரியாம விழலடா இது. யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. திறக்கப் பார்த்திருக்காங்க. பாதியில நிறுத்திட்டாங்க" என்றாள்.

நிறுத்தினது ஏன் என்று கேட்டேன். அதைத்தான் அவள் பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். அன்றைக்கு அந்தக் குழிக்குள் கையை வைத்தபடி அவள் நின்ற நிலையை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் மறக்காதவன் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை பத்து மணிக்கு அதே இடத்தில் நின்று நாற்பது பீரங்கியையும் முழங்கவிட்டேன். கைதட்டல் என்பது அவ்வளவு பொல்லாத பழக்கம்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் கழித்துப் புது அதிகாரி வந்தார். நல்ல மனிதர். எங்களை நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார். மேலிடம் என்றால் மட்டும் அவருக்குக் குலைநடுக்கம். அதே வருடம் ஊருக்குள் வரும் புதுச்சாலை மேற்குப் பக்கமாக வந்தது. வண்டி நிறுத்துமிடமும் அங்கேயே அமைந்தது. அதுவரை அதிகம் பேர் பார்க்காத மேற்குச் சுவர் இப்போது வருகிறவர்கள் முதலில் பார்க்கிற சுவராகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய குழு பார்வையிட வருகிறது என்று கடிதம் வந்தது. கோட்டையை எப்படி எடுப்பாகக் காட்டலாம் என்று அதிகாரி எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

நான்தான் வாயைத் திறந்தேன். மேற்குச் சுவரில் துளைகளுக்குக் கீழே பச்சையும் கறுப்புமாகக் கறை வழிந்திருக்கிறது, படம் எடுக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதற்கு ஏதாவது செய்யலாம் என்றேன். அடைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் அடைக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அக்கா இல்லை. மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் வெளியூர் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் சாரம் கட்டி, கறையைத் தேய்த்துக் கழுவி, நூற்றுப் பதினான்கு துளைகளையும் சிமெண்ட் வைத்துப் பூசி, கல்நிறச் சாயமும் அடித்துவிட்டார்கள். எனக்கு உறுத்தவில்லையா? உறுத்தியது. என் யோசனையை அதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டு உறுத்தலை அமுக்கிவிட்டது.

அக்கா பேரக்குழந்தையின் படத்தைக் காட்டிக்கொண்டே சிரித்த முகமாகத்தான் வந்தாள். மேற்குப் பக்கம் திரும்பியதும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள். சுவர் முழுக்க நடந்தாள். ஒவ்வொரு துளை இருந்த இடத்திலும் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டே போனாள். யார் சொல்லி இதைச் செய்தார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே கேட்டதால் என்னால் பொய் சொல்ல முடிந்தது.

அதிகாரியிடம் போனாள். சுவரின் கீழே எங்கள் குடியிருப்பு இருக்கிறது, எட்டு வீடு, முப்பத்தோரு பேர், மழை பிடித்தால் சுவர் நிற்காது என்று எடுத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். புராதனச் சின்னத்தில் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் வேலை போய்விடும் என்றார். அடைப்பதற்கு மட்டும் அனுமதி எங்கிருந்து வந்தது என்று கேட்டாளாம். அது பராமரிப்பு என்ற தலைப்பில் வந்துவிட்டது, திறப்பது சேதப்படுத்துதல் என்ற தலைப்பில் வரும் என்றாராம். ஆனாலும் அவள் சொன்னதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். மழைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. சுவரின் மேல்விளிம்பிலிருந்து ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். கொத்தனார்கள் தூக்குக்குண்டு கட்டுகிற மாதிரி நுனியில் ஒரு பழைய பூட்டைக் கட்டினாள். நடுச்சுவர் கொஞ்சம் உள்வாங்கி இருந்ததால் நூலுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. தினமும் காலையில் போய் விரலை வைத்துப் பார்ப்பாள். போகிற வழியில் நான் நின்றால் ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போவாள்.

வெளிநாட்டுக் குழு வந்தது, சுவரைப் பாராட்டியது, போய்விட்டது. மூன்றாம் நாள் மழை பிடித்தது. அந்த வருடத்து மழையை நான் விவரிக்கப் போவதில்லை. முதல் நாள் முழுக்கப் பெய்தும் மேற்குச் சுவரில் ஒரு சொட்டு வடியவில்லை என்று சொன்னால் போதும். அழுமூஞ்சி அழவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக மாமியார் வாயை மூடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலை இடைவெளி மூன்று விரலாக இருந்தது. சாயங்காலம் இரண்டு. மூன்றாம் நாள் காலை நான் போனபோது நூல் சுவரை ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுவரின் வயிறு முன்னால் வந்திருந்தது.

அக்கா ஏற்கெனவே கீழ்வரிசை நீட்டுக்கல்லில் நின்றுகொண்டிருந்தாள். இடதுகை குழியில். பக்கத்தில் உளியும் சுத்தியலும். முழுக்க நனைந்திருந்தாள். மாமா கீழே நின்று, மேல்விளிம்புக் கல்லில் கோத்து அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் அவள், நீ போய்க் குடியிருப்பில் எல்லோரையும் வெளியேறச் சொல்லு என்றாள். அந்த எட்டு வீட்டில் ஒன்று என்னுடையது. உள்ளே என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கறை அசிங்கமா இருக்குன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

மழைச்சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று மறுபடியும் சொன்னேன்.

"தெரியும். நீ எனக்குத் தெரியாதுன்னு சொன்னப்பவே தெரியும். இப்போ அழுவாத. உளி இன்னொண்ணு இருக்கு, எடுத்துட்டு ஏறு. அதுக்கு முன்னாடி அவங்களை வெளிய அனுப்பு" என்றாள்.

நான் திரும்பினேன். அதிகாரி குடையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. கீழே இறங்குங்க, நிறுத்துங்க என்றார். அது அவள் வேலையைப் பற்றிய அதட்டல் மட்டும் இல்லை. சுவர் அவள்மேல் விழுந்துவிடும் என்ற பயமும் அதில் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். அனுமதி வராமல் உளியை வைத்தால் நான் உங்களைக் காப்பாற்ற முடியாது, இருபத்திரண்டு வருட வேலை போய்விடும் என்று சொன்னார்.

அக்கா உளியைத் தாழ்த்தினாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"சார், தெற்குப் பக்கம் பாதி தோண்டின ஓட்டை ஒண்ணு இருக்கு. உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன். அன்னைக்கு யாரோ ஒருத்தர் இதே மாதிரி ஏறி நின்னு கொத்தியிருக்காங்க. ஏன் பாதியில விட்டாங்கன்னு எட்டு வருஷமா யோசிச்சேன். இப்பத்தான் புரியுது. கீழ இருந்து யாரோ நிறுத்துன்னு சொல்லியிருக்காங்க, இவங்க நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நடந்ததுக்குத்தான் நாம சீட்டுக் கிழிச்சு ஆள் விடுறோம்."

பிறகு உளியை மறுபடியும் சுவரில் வைத்தாள்.

"நான் நிறுத்த மாட்டேன் சார்."

சுத்தியலை ஓங்கி அடித்தாள். சிமெண்ட் வில்லை இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது அடியில் உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் கை பருமனுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் தோளில் அடித்து, நீட்டுக்கல்லைத் தாண்டி, கீழே நின்ற அதிகாரியின் குடைமேல் விழுந்தது. அவர் நகரவே இல்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிறகு குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு குடியிருப்பை நோக்கி ஓடினார். எட்டு வீட்டுக் கதவையும் தட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, முப்பத்தோரு பேரையும் வெளியேற்றியது அவர்தான். நான் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறினேன்.

கீழ்வரிசையை முதலில் திறந்தோம். நடுவயிற்றிலிருந்து இரண்டு பக்கமுமாகப் போனோம். நான் துளையைத் தேடித் தேடித் தடவினேன், சாயம் அடித்ததில் இடமே தெரியவில்லை. அவள் பார்க்காமலே உளியை வைத்தாள். இன்னும் ஒரு முழம் இடதுபக்கம் போ, அங்கே அழுமூஞ்சி இருக்கும் என்பாள். இருக்கும். நூற்றுப் பதினான்கில் நான் திறந்தது முப்பத்தேழு. என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. மத்தியானத்துக்கு மேல் அதிகாரி அலுவலக ஆட்கள் நாலு பேரோடு வந்து, என்ன செய்ய வேண்டும் என்று அவளைக் கேட்டார். அலுவலகத்தில் அவளுக்குக் கீழே யாரும் கிடையாது, அவள்தான் கடைசிப்படி. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அவள் சொன்ன இடத்தில் நின்றோம், அவள் சொன்னபடி அடித்தோம்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கடைசித் துளை திறந்தது. அது மாமாவின் பெயர் வைத்த துளை. நாலு அடிக்கு அது வாயைத் திறக்கவில்லை, ஐந்தாவது அடிக்குத் திறந்தது. கீழேயிருந்து மாமா முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்துக்குத் தள்ளிப் போய் நின்று பார்த்தோம். அந்த நீளமான சுவர் முழுக்க, இரண்டு வரிசையாக, நூற்றுப் பதினான்கு இடத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ அரண்மனைகளைப் பார்த்தவன் நான். அதைவிடக் கம்பீரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அக்கா எனக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். இவள் என் அக்கா என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் இருபது வருடமாக எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு அது தெரியாதா என்ன.

சுவர் நின்றது. மறுநாள் காலை அவளே போய்ப் பூட்டைத் தூக்கிப் பார்த்தாள், நூலுக்கும் சுவருக்கும் ஒரு விரல் இடைவெளி வந்திருந்தது. வயிறு இன்னும் லேசாக முன்தள்ளித்தான் இருக்கிறது. மேலிடத்துப் பொறியாளர் ஒருவர் வந்து அளந்து, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து, குடியிருப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் போனார்.

சட்டம் சட்டம்தான் என்பதால் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றி உளியை உபயோகித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். இதை நான் கிழித்துப் போட்டுவிடுகிறேன், மேலே பேசிக்கொள்கிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். அன்றைக்கு அந்த ஆள் ஏறி நின்று கொத்தியதையும் நிறுத்தச் சொன்னதையும் யாரும் எழுதி வைக்கவில்லை, இது எழுத்தில் இருக்கட்டும் என்றாள். அந்தக் காகிதத்துக்கு அவள் கொடுத்த விளக்கம் இரண்டே வரி. அதை நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதினேன். 'தண்ணீர் போக வழி இல்லாமல் இருந்தது. திறந்தேன். மறுபடியும் அடைத்தால் மறுபடியும் திறப்பேன்.' மூன்று வாக்கியம் ஆயிற்றே, எப்படி இரண்டு வரி என்று கேட்காதீர்கள், என் கையெழுத்து சின்னது. வேலை போகவில்லை. அடுத்த மாதம் வந்த உத்தரவில் ஒவ்வொரு வருடமும் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முதல்முறையாக எழுதியிருந்தது.

என் பீரங்கி அன்றோடு ஓய்ந்தது. தெற்கு உடைப்புக்கு முன்னால் இப்போது நான் தண்ணீரின் கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கூட்டம் ஏமாந்துபோனது. போர் இல்லையா என்று கேட்டார்கள். ஒரு சாம்ராஜ்யம் எதனால் எழுந்தது என்று தெரிய வேண்டுமா, மேற்குப் பக்கம் வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போய் அந்தக் கைப்பிடிக் குழியில் அவர்கள் விரலையே வைத்துப் பார்க்கச் சொல்வேன். எதனால் விழுந்தது என்று தெரிய வேண்டுமா என்று திரும்பக் கூட்டிவந்து சூரியமுகத்தின் பின்னால் காட்டுவேன். கைதட்டல் குறைவுதான். ஆனால் ஒருத்தரும் உடனே கிளம்பிப் போவதில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார்கள்.

அடுத்த வருடம் மழைக்கு முந்தைய மாதம் அக்கா கம்பியை எடுத்தாள். மேற்குச் சுவரை முடித்துவிட்டுக் கீழே இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் தெற்குப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். அந்த மூன்றடிச் சுவருக்கு முன்னால் நின்று, பாதி தோண்டிய அந்தத் துளைக்குள் கம்பியை விட்டு, உள்ளே சேர்ந்திருந்த சருகையும் மண்ணையும் பதமாக வெளியே இழுத்தாள். அதற்குப் பின்னால் மண்ணும் இல்லை, வடிய வேண்டிய தண்ணீரும் இல்லை. எல்லாம் எப்போதோ சரிந்துபோய்விட்டது.

இது எதற்கு அக்கா, இது எண்ணிக்கையிலேயே இல்லையே என்று கேட்டேன்.

அவள் துணியை உதறிக் கம்பியில் சுற்றினாள்.

"இருக்கு. நூத்திப் பதினஞ்சு" என்றாள்.

கூட்டத்துக்கு நானும் இப்போது நூற்றுப் பதினைந்து என்றுதான் சொல்கிறேன்.